வேட்டி கிழித்தது வெள்ளிக்கிழமை

கலைவாணி அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைப் படுக்க வைத்துப் பார்ப்பார். தண்ணீர் பாட்டில், நல்லெண்ணெய் பாட்டில், இருமல் மருந்து பாட்டில், எதுவானாலும். சேதராப்பட்டில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் நிரப்பும் கம்பெனியில் வருஷக்கணக்காகச் செக்கர் வேலை பார்த்த கை அது. நிரப்பி, மூடி போட்டு வரும் பாட்டில்களில் மணிக்கு இருபதை எடுத்துப் பழுப்புத் தாள் மேல் படுக்க வைக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துத் தாளில் கறை விழுந்திருந்தால் கசிவு. எத்தனை மணிக்கு, எந்த மெஷின், எத்தனை பாட்டில் என்று சீட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த வேலைதான் ஒரு ஐப்பசி மழையில் பதினாறு நாள் தனக்குத் துணை இருந்தது என்று அக்கா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். இப்போது நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பேக்கிங் டேபிளில் மூடி திருகிக்கொண்டே அவர் மீதியைச் சொன்னார். முடிக்கும்போது எனக்கு மூடி எது, பாட்டில் எது என்று தெரியவில்லை. கண்ணீர் அப்படி மறைத்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் அக்காவும் அவர் கணவர் கோபிநாத்தும் குடியிருந்தார்கள். கோபிநாத் பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் டெம்போ ஓட்டினார். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு அம்மா இல்லை, பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அதனால் மாமியார் செல்வாம்பாள் தவளக்குப்பத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு துணிப்பையும் ஒரு கட்டு வெற்றிலையுமாக வந்து இறங்கினார். ஆண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு.

செல்வாம்பாள் பெரிய பேச்சுக்காரி. கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா ஆரோக்கியம். கணவரை இழந்தவர், கான்வென்ட் ஒன்றில் சமையல் வேலை. இந்த இருவரும் சேர்ந்தால் தெருவுக்கே வேறு சத்தம் வேண்டாம். குழந்தை பால் குடித்து முடித்ததும் செல்வாம்பாள் அதை அக்காவின் மடியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார். நேராக மொட்டை மாடிச் சுவருக்குப் போய்விடுவார்.

"இன்னா ஆரோக்கியம், இன்னிக்கி யாரு செத்தா?"

"ஏன், நான் சாவுக்கு மட்டுந்தான் போறேனா?"

"வேற எதுக்குப் போற? காலைல வெள்ளப் பொடவ கட்னியே, பாத்தேன்."

ஆரோக்கியம் மாதா கோயில் ஜெபக் குழுவில் இருந்தார். அந்தக் கோயிலைச் சேர்ந்த யார் இறந்தாலும் ஜெபமாலை சொல்லப் போவார், கல்லறை வரை பாடிக்கொண்டே நடப்பார். அதனால் செல்வாம்பாள் அவரை இரண்டாவது படிக்கு மேல் ஏற விடவே இல்லை. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சாவு வீட்டிலிருந்து யாரும் வரக்கூடாது. தீட்டு பட்டால் குழந்தை கக்கும், வீறிட்டு அழும், இளைத்துப் போகும். இது செல்வாம்பாளின் சட்டம். ஆரோக்கியம் கோபித்துக்கொள்ளவில்லை. "நம்ம பெத்தி நல்லா இருந்தா போதும்மா" என்பார். இளம் வயதில் ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீட்டில் வேலை பார்த்தவர். 'பெத்தி' என்பது அந்த வீட்டில் குழந்தைகளைக் கூப்பிட்ட பெயர்.

இப்படி அரை மணி நேரம் பேச்சு ஓடும். குழந்தை செல்வாம்பாளின் தோளில் நிமிர்ந்து கிடந்து ஏப்பம் விடும். அக்கா உள்ளே படுத்துக் கண்ணை மூடுவார். அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு யாருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ எழுநூறு. பிறந்ததை விட நூறு குறைவு.

"மொதல்ல கொறையும், அப்பறம் ஏறும். ஆனா இந்நேரம் பொறந்த எடைக்கு வந்திருக்கணும்" என்றார் நர்ஸ். "அடுத்த வாரம் உட்டு அதுக்கடுத்த திங்கக்கெழம கொண்டாம்மா. அன்னிக்கும் ஏறலன்னா டாக்டர் டின் பால் எழுதிக் குடுப்பாங்க."

அக்கா குழந்தையைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். டின் பால் என்ற சொல் அவருக்குள் ஒரே இடத்தில் நின்றது. ஒரு மெஷினில் வருகிற பாட்டில் எல்லாம் சரியில்லை என்றால் கம்பெனியில் மெஷினை நிறுத்திவிடுவார்கள். இங்கே மெஷின் யார்?

அன்று மாலையே செய்தி வந்தது. செல்வாம்பாளின் ஊரில் கோபிநாத்தின் பெரியப்பா கன்னியப்பன் இறந்துவிட்டார். அவருக்குப் பிள்ளை இல்லை. கோபிநாத்தான் கொள்ளி வைக்க வேண்டும். கொள்ளி வைத்தவன் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த ஊரை விட்டு வரக்கூடாது. செல்வாம்பாளும் போகத்தான் வேண்டும், போனால் அவரும் திரும்ப முடியாது.

செல்வாம்பாள் பையில் துணியைத் திணித்துக்கொண்டே சொன்னார்: "கதவு நெலையில வேப்பல சொருகியிருக்கேன். காஞ்சா மாத்து. யாரு வந்தாலும் தெறக்காத. நானே வந்தாலும் தெறக்காத."

"நீயே வந்தாலுமா அத்த?"

"ஆமாண்டி. ஆச தாங்காம வந்துருவேன் போலருக்குது."

சொல்லும்போதே அழுதுவிட்டாராம். கோபிநாத் தன் செல்போனை அக்காவிடம் கொடுத்தார். தினமும் மாலை ஏழு மணிக்குத் தவளக்குப்பம் ஜங்ஷனில் இருக்கும் ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

இருபத்து மூன்று வயசு. பன்னிரண்டு நாள் குழந்தை. வெளியே மழை.

முதல் இரவு அக்கா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பால் கொடுத்தார். குழந்தை கண்ணை மூடியதும் உத்தரத்தில் கட்டிய புடவைத் தூளியில் போட்டார், தான் கீழே படுத்து, கயிற்றைக் கால் விரலில் மாட்டி ஆட்டினார். வேறு எப்படிச் செய்வது? துணி துவைக்க வேண்டும், வெந்நீர் வைக்க வேண்டும், தானும் சாப்பிட வேண்டும். தோளில் போட்டுக்கொண்டு அரை மணி ஊர்க்கதை பேச யார் இருக்கிறார்கள்?

மறுநாள், வெள்ளிக்கிழமை, துணி பற்றவில்லை. ஒன்றும் காயவில்லை. அறைக்குள் கட்டிய கயிறு முழுக்க ஈரம். பெட்டியைத் திறந்து, போன தீபாவளிக்கு எடுத்த கோபிநாத்தின் வேட்டியை எடுத்து, பல்லால் கடித்து, எட்டுத் துண்டாகக் கிழித்தார்.

மத்தியானத்தில் கீழேயிருந்து ஆரோக்கியத்தின் குரல் வரும். "கலை! ரசம் சோறு ஆறாவது படியில இருக்குது. பூனை வர்றதுக்குள்ள எட்து."

"ரெண்டாவது படிக்கு மேல நீ வரக்கூடாதேக்கா?"

"கையி நீட்டி வச்சேன். கையிக்கு இன்னா தீட்டு?"

ஒரு நாளில் அக்கா காதில் விழுந்த மனிதக் குரல் இதுவும் ஏழு மணி போனும்தான். ஆரோக்கியம் வேலைக்குப் போய்விட்டால் அதுவும் கிடையாது.

சனிக்கிழமை இரவு எட்டரை. தெருவில் பைக் நின்றது. படியில் ஈரக் காலடி.

"கலை."

"யாரு?"

"நான்தான்டி. நீ கதவத் தெறந்தாலும் நான் உள்ள வர மாட்டேன்."

"மாமா! அத்த இன்னா சொல்லிட்டுப் போச்சு?"

"தெரியும். வர்ற வழியில கைப்பம்புல தல முழுவிட்டுத்தான் வரேன். ஒரு தரம் பாத்துட்டுப் போய்டுறேன். பைக்கு கூட கடன் வாங்கினது."

அக்கா திறந்தார். கோபிநாத் இரண்டு படி கீழே நின்றார். சட்டை இல்லை, நனைந்த துண்டு. உள்ளே எட்டிப் பார்த்ததும் கயிற்றில் தொங்கிய கரை கண்ணில் பட்டது.

"அது என் வேட்டி இல்ல?"

"ஆமா. நேத்து துணி பத்தல."

"கொள்ளி வச்சது நான். நீ எனக்கே கோடித் துணி கிழிச்சி வச்சிருக்க."

"சீ, வாயக் கழுவு!" என்றார் அக்கா. ஆனால் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அக்கா குழந்தையை நிலைப்படி வரை கொண்டுவந்து காட்டினார். கோபிநாத் ஒரு விரலை நீட்டி உள்ளங்காலைத் தொட்டார். சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"எவ்ளோ சின்னக் காலு" என்றார். போய்விட்டார். ஐந்து நிமிஷம் கூட இல்லை.

அன்று இரவு ஒரு மணிக்குக் குழந்தை கக்கியது. வாயோரம் வழிகிற மாதிரி இல்லை, வாயிலும் மூக்கிலும் சேர்ந்து வந்தது. மூச்சு திணறி, முகம் சிவந்து, முதுகை வில்லாக வளைத்து அலறியது. அக்கா துடைத்தார், தட்டினார், வயிறு காலியாகிவிட்டதே என்று மறுபடியும் பால் கொடுத்தார், மறுபடியும் தூளியில் போட்டார். மறுபடியும் கக்கியது. நாலு மணி வரை இப்படியே. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் கண் கதவு நிலைக்குப் போனது. வேப்பிலை வாடியிருந்தது. அதற்குக் கீழேதான் கோபிநாத் கையை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் போன் அடித்தது.

"மாமா, நீ இனிமே வராத."

"ஏன், இன்னா ஆச்சு?"

"நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து புள்ள கக்குது. மூக்கு வழியா வருது. ராத்திரி முழுக்க அலறிட்டான்."



"நான் தல முழுவிட்டுத்தானே வந்தேன்."

"முழுவுனா போய்டுமா அது? நீ வரவே வராத மாமா. கருமாதி முடியட்டும்."

"சரி" என்றார் கோபிநாத். ஒரு ரூபாய்க்கான நேரம் முடிந்து லைன் விட்டுப்போனது.

அக்கா அன்று கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளும் போட்டார். தன் கையால் போட்டேன் என்று சொல்லும்போது இப்போதும் தன் கையையே பார்க்கிறார்.

திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று நாள் ஓடியது. பகலில் எப்படியோ போய்விடும். விளக்கு வைத்த பிறகுதான் குழந்தைக்கு வேதனை. பால் குடித்து அரை மணிக்குள் நெளியும், தொண்டையில் ஏதோ ஏறி இறங்குகிற மாதிரி விழுங்கும், பிறகு கக்கும், பிறகு அழும். ஒவ்வொரு தரம் கக்கும்போதும் அக்கா கண்ணுக்கு அது பால் இல்லை, எடை. பத்து கிராம், இருபது கிராம் துணியில் போகிறது. வரும் திங்கட்கிழமை தராசில் என்ன காட்டும்? பாலே சரியில்லை, டின் பால் கொடு என்று சொல்லிவிட்டால்? அம்மா இல்லாத எனக்கு இதுகூட வராது போலிருக்கிறது என்று இருட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாராம். பதில் சொல்ல ஆள் இல்லாத அறையில் தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்ததாம்.

அப்போதுதான் எழுத ஆரம்பித்தார். நர்ஸ் கேட்டால் சொல்ல வேண்டும். தினசரிக் காலண்டரில் கிழித்த தேதிக் காகிதங்களின் பின்பக்கம். கம்பெனிச் சீட்டில் எழுதுவது போலவே எழுதினார்.

ஒன்பது மணி, இடது, தூளி, கக்கினான்.
பத்தே கால், வலது, தூளி, கக்கினான், மூக்கிலும்.
பதினொன்றே முக்கால், இடது, தூளி, கொஞ்சம்.

தனக்குப் பிறந்த குழந்தையைப் பற்றி இப்படி எழுதுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் எழுதும் அந்த ஒரு நிமிஷம் கை பழக்கத்தில் ஓடியது. அது தெரிந்த வேலை.

புதன்கிழமை இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது. குழந்தை அப்போதுதான் பால் குடித்து முடித்திருந்தது. மெழுகுவர்த்தி எங்கே என்று தெரியவில்லை. இருட்டில் தூளியில் போடப் பயமாக இருந்தது, கொசுவும் மொய்த்தது. குழந்தையைத் தோளில் போட்டு, ஒரு கையால் தலையைத் தாங்கி, சுவரைத் தடவியபடி நான்கு அடி இப்படி நான்கு அடி அப்படி நடந்தார். பேச யாரும் இல்லாததால் குழந்தையிடமே மெஷின் நம்பர்களைச் சொன்னார். "ஒண்ணாவது மெஷினு நல்லா ஓடும். ரெண்டாவது அடிக்கடி மூடிய கடிக்கும். மூணாவது நம்ம கொளஞ்சியண்ணன் மெஷினு, அது அவரு சொன்னாத்தான் கேக்கும்." குழந்தை பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. முக்கால் மணி கழித்துக் கரண்ட் வந்தபோது தோளில் தூங்கியிருந்தது. பாயில் மெதுவாக மல்லாக்கப் படுக்க வைத்தார்.

காலையில் எழுதும்போது பார்த்தார். மூன்று நாள் வரிசையில் ஒரே ஒரு வரி சுத்தமாக இருந்தது.

பத்தரை, வலது, கரண்ட் இல்லை, தோள். கக்கவில்லை.

செக்கருக்கு நிற்கும் பாட்டில் முக்கியமில்லை, படுக்கும் பாட்டில்தான் முக்கியம். கழுத்து வரை வழிய நிரப்பிய பாட்டில் நிமிர்ந்து நிற்கும்போது ஒன்றும் ஆகாது. மூடி கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் தெரியாது. படுக்க வைத்தால்தான் கசியும். இத்தனை நாளாகத் தன் கண் முன்னால் நடப்பது அதேதானே! குழந்தையின் மூடி இன்னும் இறுகவில்லை. வழிய வழியக் குடிக்க வைத்து, உடனே படுக்க வைத்து, அதுவும் தூளியில் வயிறு மடங்கச் சுருட்டிப் படுக்க வைத்து, கக்கினால் இன்னும் நிரப்பி...

ஆனால் ஒரு வரியை வைத்து எந்தச் செக்கரும் கையெழுத்துப் போட மாட்டார். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு தரம் தோள், ஒரு தரம் தூளி. கக்கினால் உடனே மறுபடி திணிக்காமல் பொறுத்திருந்து, அது வாயைத் திறந்து தேடும்போது மட்டும், கொஞ்சமாக. சனிக்கிழமை இரவு தூளிக்கு நேராக ஒன்பது வரி, ஏழில் கறை. தோளுக்கு நேராகப் பத்து வரி, இரண்டில் மட்டும் 'கொஞ்சம்'. ஞாயிறு காலை தூளியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தோளில் போட்டு நடப்பது சுலபம் இல்லை. தையல் போட்ட உடம்பு. ஒரு ராத்திரிக்கு ஆறு தரம், ஏழு தரம், ஒவ்வொரு தரமும் இருபது நிமிஷம், அரை மணி. கை மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம், தூங்கினால் குழந்தை நழுவிவிடும் என்ற பயத்தில் உட்காரவே மாட்டாராம். ஜன்னல் வழியாகத் தெரு முழுக்க இருட்டு, எல்லா வீட்டிலும் யாரோ யாரோடோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள்.

ஞாயிறு இரவு, போன் பேசி முடித்த பிறகு, மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எல்லாத் தாளையும் வரிசையாக அடுக்கினார். முதல் நாட்களுக்குச் சீட்டு இல்லை. நினைவிலிருந்து எழுதலாம் என்று உட்கார்ந்தார். சனிக்கிழமை: மாமா வந்தது, இரவு ஒரு மணி, மூக்கிலும். சரி. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை. என்ன நடந்தது அன்று? வேட்டி கிழித்தேன்.

பேனா நின்றுவிட்டது.

ஏன் கிழித்தேன்? துணி பற்றவில்லை. ஏன் பற்றவில்லை? அத்தை மடித்து வைத்துவிட்டுப் போனது பதினாலு துணி. ஒரே நாளில் பதினாலும் ஏன் ஈரமானது? கக்கினான். கழுத்து, சட்டை, என் புடவை எல்லாம் நனைந்தது. வெள்ளிக்கிழமையே கக்கினான், மூக்கில் வராததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்தின ராத்திரியே கக்கினான். மாமா வந்தது சனிக்கிழமை. அவர் அந்த வேட்டியைப் பார்த்துத்தானே சிரித்தார்!

அவர் வருவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அவரால் இல்லை. வியாழக்கிழமை மாலை இந்த வீட்டை விட்டுப் போனது ஒரே ஒரு தோள். அதுதான் நடந்தது.

அக்கா அந்த வேட்டித் துண்டுகளில் ஒன்றை முகத்தில் வைத்து அழுதார். குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று சத்தம் இல்லாமல்.

திங்கட்கிழமை காலை ஆரோக்கியம் கீழே ஆட்டோ பிடித்து நிறுத்தினார். தான் ஏறவில்லை, முந்தின நாள்கூட ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தார். அக்கா மடியில் குழந்தையும் வேப்பிலைக் கொத்தும் ஒரு இரும்புச் சாவியும் தேதிக் காகிதங்களும். தராசில் துணி விரித்துக் குழந்தையைப் போட்டார்கள். முள் ஆடியது. அக்கா வேறு பக்கம் பார்த்தார்.

"ரெண்டு தொள்ளாயிரத்தி அறுவது" என்றார் நர்ஸ்.

"சிஸ்டர், இன்னொரு தரம் பாருங்க."

"ஏன், கம்மியா வேணுமா?"

மறுபடியும் அதே எண். இருநூற்று அறுபது கிராம் ஏறியிருக்கிறது. இத்தனை கக்கியும்! அக்கா தாள்களை நீட்டினார். நர்ஸ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

"யாரும்மா இத எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல சிஸ்டர். வீட்ல யாரும் இல்ல."

நர்ஸ் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "கக்குறது கண்ணுக்கு நெறையாத் தெரியும். வீட்டுக்குப் போயி ஒரு ஸ்பூன் பால துணியில ஊத்திப் பாரு, பெரிய கறையா இருக்கும். உன் பாலு நல்ல பாலுதான். இப்ப பண்றதையே பண்ணு. படுக்க வைக்கும்போது சமமான எடத்துல மல்லாக்க வை. பச்சையாவோ ரத்தமாவோ கக்கினாலோ, பீச்சி அடிச்சாலோ, பால் குடிக்காம போனாலோ ஒடனே தூக்கியா. மத்தபடி மாசம் ஏற ஏற நின்னுடும்."

அன்று ஏழு மணிக்கு முதல் அடியிலேயே போனை எடுத்தார்.

"மாமா, எடை ஏறிடுச்சு. மூணு கிலோவுக்கு நாப்பதுதான் கம்மி!"

"அப்பாடா" என்றார் கோபிநாத். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அப்பாடா."

"நீ வா மாமா. இன்னிக்கே வா. உன்னால இல்ல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். வேட்டி கிழிச்சது வெள்ளிக்கெழம, நீ வந்தது சனிக்கெழம. நீ வர்றதுக்கு முன்னாடியே கக்கிட்டிருந்தான்."

"இன்னும் நாலு நாளுதானே கலை."

"நாலு நாளா? எனக்கு கை விட்டுப்போச்சு மாமா. ஒரு ராத்திரி வந்து நீ வச்சிக்கினா போதும்."

ஒரு லாரி போனது. பிறகு அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"நான் வரல. நான் வந்தேன், கக்குனான். நான் வராம இருந்தேன், எடை ஏறிச்சி. நீதானே சொன்ன?"

"அது தப்பு மாமா, தப்பா சொல்லிட்டேன்..."

"நீ இப்ப எனக்காகச் சொல்ற. எனக்குத் தெரியும். புள்ள நல்லா இருக்கட்டும். நான் வெள்ளிக்கெழம வரேன்."

லைன் விட்டுப்போனது. திரும்பக் கூப்பிட எண் கிடையாது.

அதற்கு முன்னால் இருந்த பதினோரு இரவும் பெரிதில்லை, இந்த நாலு இரவுதான் என்கிறார் அக்கா. முன்பெல்லாம் பயமாவது துணைக்கு இருந்தது. இப்போது பயம் போய்விட்டது, குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனால் தானே சொல்லிக் கொடுத்த பயம் அங்கே ஒரு மனிதனைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் தான் மட்டும். கதவைத் திறந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கோபிநாத் நின்ற படியைப் பார்த்தபடி நிற்பாராம். மழைத் தண்ணீர் அந்தப் படியில் தேங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை கருமாதி முடிந்து கோபிநாத் வந்தார். மொட்டை, மீசையும் இல்லை.

"யாருப்பா அது, பழனிலேர்ந்து நேரா வர?" என்று கீழே ஆரோக்கியம் கேட்டது மாடிக்குக் கேட்டது.

"நான்தான்க்கா, கோபி."

"அய்ய, புள்ள பயந்துக்கப் போவுது. மொகத்த மூடிக்கினு போ!"

கோபிநாத் அதே படியில் வந்து நின்றார். அதற்கு மேல் ஏறவில்லை. "அம்மா நாளைக்கு வரும். நானும் நாளைக்கே வரட்டுமா?" என்றார்.

அக்கா நிலைப்படியைத் தாண்டினார். அப்போதுதான் பால் கொடுத்து முடித்திருந்தார். இறங்கி வந்து, வேட்டித் துண்டு ஒன்றை அவர் தோளில் விரித்து, அதன் மேல் குழந்தையை நிமிர்த்திப் போட்டார். கோபிநாத் கையைத் தூக்கியபடி கல்லாக நின்றார்.

"புடி மாமா. தலைய புடி."

பிடித்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. குழந்தை ஒரு ஏப்பம் விட்டு, கூடவே கொஞ்சம் கக்கியது. கோபிநாத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"பாத்தியா! நான் சொன்னேன்ல! எட்து, கலை, எட்து!"

"அது ஒரு ஸ்பூனு. தொடச்சி விடு." அக்கா கை நீட்டவில்லை. "இருவது நிமிஷம் இப்டியே வச்சிக்கினு நட. சொவத்துல மணி இருக்குது, பாத்துக்க. படுக்க வச்சிடாத."

கோபிநாத் உள்ளே வந்தார். பதினாறு நாளுக்குப் பிறகு அந்த அறையில் இரண்டு பேர் மூச்சு விட்டார்கள், குழந்தையோடு மூன்று. அக்கா தேதிக் காகிதத்தை எடுத்துக் கடைசி வரியை எழுதினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார், நான் பார்த்தேன்.

ஆறு நாற்பது, இடது, மாமா தோள், கொஞ்சம்.

எழுதிவிட்டுப் படுத்தார். தூக்கம் வரவில்லை. உடம்புக்குத் தனியாக நடந்தே பழகிவிட்டது, யாரோ நடக்கும் சத்தம் கேட்டால் எழுந்து உட்காரத் தோன்றியது. கண்ணைத் திறந்து பார்த்தார். மொட்டைத் தலை ஒன்று விளக்கு வெளிச்சத்தில் நான்கு அடி இப்படி நான்கு அடி அப்படிப் போய்க்கொண்டிருந்தது. கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவே இல்லை.

"மாமா."

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்குது. நீ தூங்கு."